தும்பாவில் ஆள் வளர்த்தவர்: விக்ரம் சாராபாய்

சிதறால் மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் செல்லும் அன்பர்கள் பேச்சிப்பாறை அணையையும் கண்டு திரும்புவது உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் அருகே, அதனைக் கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சினின் கல்லறை உள்ளது. அணை நீரால் செழித்த நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. ஆதலால் இப்பகுதி இளைஞர் கல்வி முடிந்ததும் வேலை நாடித் திருவனந்தபுரம் செல்வது இயல்பாயிற்று. 1960களில் அந்நகரை அடுத்த தும்பாக் கடற்கரையில் எவரும் எதிர்பாராத ஒரு பணிக்களம் உருவாயிற்று. அதனை உருவாக்கியவர், குஜராத்தின் சமண வணிகக் குடும்பம் ஒன்றில் தோன்றிய விக்ரம் அம்பாலால் சாராபாய்.

அவர் அகமதாபாத்தில் 1919 ஆகஸ்ட் 12ஆம் நாள் பிறந்தார். தந்தை அம்பாலால் ஆலை முதலாளி. அத்தை அனசூயா ஆலைத் தொழிலாளர்களின் தலைவி. விக்ரம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு நடந்த புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தில் தம்பி ஆலை அதிபர்களின் பக்கமும், தமக்கை காந்தியடிகளுடன் தொழிலாளர் பக்கமும் நின்றனர். ஆயினும் குடும்பப் பாசம் குன்றவில்லை. ஒரே பொருளை இரு கோணங்களில் காணும் பழக்கம் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு இளமையிலேயே வாய்த்திருக்கும் என்று கொள்வதில் பிழையில்லை. அநேகாந்தம் என்று நம் முன்னோர் வகுத்ததும் அதுவன்றோ!

கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டமையால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. ராமனின் கீழ் அண்டக்கதிர் ஆய்வு செய்தார். 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தையும், துணித் தொழிலுக்கான அடிரா ஆராய்ச்சி நிறுவனத்தையும் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 28. அடிராவுக்கு ஆள் தேடியபோது ஆலை அனுபவம் உடையவர்களை அவர் நாடவில்லை. துணித் தொழிலையே அறியாத இளம் அறிவியலாளரைத் தெரிந்தெடுத்தார். பழகிய வழியில் செல்வோர் புதிய வினாக்களை எழுப்பார் என்பது அவர் கருத்து. ஆலைத் தொழிலாளரின் மனநிலையை ஆராய உளவியலறிஞர் கமலா சௌத்ரியையும் அங்கே பணியமர்த்தினார். பஞ்சும் நூலும் ஆராய வேண்டிய நிறுவனத்தில் மனித மனத்தையும் ஆராய்வது அந்நாளில் பலருக்கு வியப்பாகவே தோன்றியிருக்கும்.

இதே துணிவைத் தும்பாவிலும் காண்கிறோம். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால் அம்மீனவச் சிற்றூர் தெரிவு செய்யப்பட்டது. தேவாலயமும் ஆயர் இல்லமும் அலுவலகங்களாயின, மாட்டுக்கொட்டில் ஆய்வுக்கூடமாயிற்று. ராக்கெட் அனுபவமற்ற இளைஞர் சிலர் பயிற்சிக்காக அமெரிக்க நாசா நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். 1963 நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்க ராக்கெட் ஒன்று தும்பாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது. நான்கே ஆண்டுகளில் நம்மவர் உருவாக்கிய ரோகிணி ராக்கெட்டும் எழுந்தது.

சாராபாய் பணியாளரை எவ்வாறு நடத்தினார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. ராக்கெட்டின் முகப்புக் கூம்பு தானாகக் கழன்று விலகும் அமைப்பைக் கலாமும் நண்பர்களும் அவருக்குச் செய்து காட்ட ஏற்பாடு செய்தனர். சாராபாய் விசையை அழுத்தினார், கூம்பு அசையவில்லை. நேரத்தைக் கணிக்கும் மின்சுற்றில் கோளாறு. அதனை விலக்கி நேரடியாக இணைத்த பின்னரே கூம்பு கழன்றது. பாராட்டிவிட்டுச் சென்றாலும் அவர் முகத்தில் சிந்தனை படிந்திருந்தது. அன்று மாலை கோவளத்துக்கு வருமாறு கலாமுக்கு அழைப்பு வந்தது. கண்டனத்தை எதிர்பார்த்துக் கலங்கிச் சென்றவரை வரவேற்றார் தலைவர். பிழை செய்தவர் யார் என்று கேட்கவில்லை. பிழை ஏன் நேர்ந்தது என்பதையே கேட்டார். ஊக்கக் குறைவா, வேலை அறைகூவலாக இல்லையா என்று ஒவ்வொன்றாக உசாவினார். மின்பணியும் இயந்திரப் பணியும் வெவ்வேறிடத்தில் வெவ்வேறு நேரத்தில் நடப்பதும், அவற்றை ஒருங்கே இணைக்க ஒரு கூரை இல்லாததுமே காரணம் எனப் புலப்பட்டது. விடியுமுன் ராக்கெட் பொறியியல் பிரிவு ஒன்றை அமைப்பதென முடிவாயிற்று. பர்யூஷணப் பெருநாளின் நிறைவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். பொறுத்தபின் பிழையின் வேரையும் தேடுவோர் சிலரே.

பின்னர் செயற்கைக்கோளை ஏவும் ராக்கெட்டின் நான்கு நிலைகளையும் நால்வரிடம் ஒப்படைத்தார். கோவாரிகர், குருப், கலாம் ஆகியோருடன் நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த முத்துநாயகமும் அவர்களுள் ஒருவர். செய்திராத பணியை நம்பி ஒப்படைப்பதே அவர் அளித்த பயிற்சி.

குறையும் இருந்தது. 1966இல் ஹோமி பாபா மறைந்தபின் அணுசக்திப் பொறுப்பும் அவர் தோள்மேல் ஏறியது. ஓரிடத்தில் தங்க நேரமின்றி, சக பணியாளரை விமான நிலையங்களில் சந்தித்து முடிவு கூறுவார். அவர் வரும்வரை பல கோப்புகள் காத்துக் கிடந்தன. தம்மால் வளர்க்கப்பட்டவர்கள்மீது வைத்த நம்பிக்கையில் ஒரு பங்கையேனும் தம் உடல்நலத்துக்குப் பகிர்ந்திருக்கலாம்.

1971 டிசம்பர் இறுதியில் அவர் கோவளத்தில் தங்கியிருந்தார். தில்லியில் ஏவுகணை தொடர்பான கூட்டத்தை முடித்த கலாம், தொலைபேசியில் அதன் விவரம் கூறினார். தாம் அன்றிரவு பம்பாய் செல்லவிருப்பதால், திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே காத்திருக்குமாறும், அங்கே பேசலாம் என்றும் சாராபாய் பணித்தார். கலாம் வந்து இறங்கியபோது, விமானத்துக்கு ஏணி பொருத்தும் ஊழியர் குரல் தழுதழுக்க அவருக்குச் செய்தி சொன்னார். சாராபாய் மறைந்துவிட்டார், வயது 52.