தாதாசாஹேப் கெய்க்வாட்: உழைப்பும் பிளவும்

நாசிக் ஜில்லா திண்டோரி தாலுகாவைச் சேர்ந்த ஆம்பே என்னும் சிற்றூரில் 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்தவர் பாவுராவ் கிருஷ்ணராவ் கெய்க்வாட். மக்கள் அன்புடன் தாதாசாஹேப் என்று அழைத்தனர். பட்டப் படிப்பில்லாத அப்பெரியார் கிராமத்து ஏழைகளின் மொழியில் பேசி, அவர்களைத் திரட்டும் ஆற்றல் படைத்தவர்.

1930 மார்ச் 2-ஆம் நாள் தொடங்கிய நாசிக் காலாராம் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகத்தைக் களத்தில் நின்று நடத்தியவர் அவரே. ஆண்டுகள் பல போராடியும் கதவு திறக்கவில்லை. 1935-இல் அதே ஜில்லாவின் இயோலா நகரில் பாபாசாஹேப் அம்பேத்கர் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார். 1956-இல் நாகபுரியில் அச்சொல் நிறைவேறிற்று. தாதாசாஹேபும் தம்மத்தைத் தழுவினார்.

அவ்வாண்டு டிசம்பர் 6-இல் பாபாசாஹேப் மறைந்தார். அவர் எண்ணியவாறே 1957 அக்டோபர் 3-ஆம் நாள் இந்தியக் குடியரசுக் கட்சி தோன்றிற்று. நம் தமிழகத்துப் பெரியார் என். சிவராஜ் அதன் தலைவரானார். அதே ஆண்டில் தாதாசாஹேப் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் ஈராண்டுகளுக்குள் கட்சி பிளவுற்றது.

பிளவின் காரணம் யாது? நிலமற்றோருக்கு நிலம் வேண்டுமென்று போராடுவதும், அதற்குப் பொதுவுடைமையாளர் முதலிய பிற கட்சியினருடன் சேர்ந்து நிற்பதும் ஏற்புடையவை என்றார் தாதாசாஹேப். அது பாபாசாஹேப் காட்டிய சட்ட நெறிக்கும் தம்மத்துக்கும் முரணாகும் என்றனர், பி. சி. காம்ப்ளே முதலிய கற்றறிந்த இளைஞர். இரு சாராரும் பாபாசாஹேபின் பெயரையே கூறினர். வயிற்றுப்பசி பெரிதா, கொள்கைத் தூய்மை பெரிதா என்ற வினா, விரைவில் தலைமைக்குத் தகுந்தவர் படித்தவரா, பாமரரா என்ற பூசலாயிற்று. வழியைப் பற்றிய கருத்து வேற்றுமை ஆளைப் பற்றிய ஐயமாக மாறிய அன்றே கேடு தொடங்கிற்று.

இருந்தும் அவர் ஓயவில்லை. 1964 டிசம்பரில் அவர் தொடங்கிய நிலப் போராட்டத்தில் பல்லாயிரவர் சிறை புகுந்தனர். பௌத்தம் தழுவியோர்க்கும் ஒதுக்கீட்டுச் சலுகை, பாராளுமன்றத்தில் பாபாசாஹேபின் உருவப்படம் ஆகியவையும் அதன் கோரிக்கைகளுள் அடங்கும். ஆனால் பிளவுண்ட கட்சி தனித்து வெல்ல இயலாது பின்னர் காங்கிரஸின் துணையை நாடிற்று. அந்த உறவே மீண்டும் பிளவுக்கு வித்தாயிற்று. 1971 டிசம்பர் 29-ஆம் நாள் தாதாசாஹேப் மறைந்தபோது, அவர் வளர்த்த கட்சி பல கூறுகளாய்க் கிடந்தது. அவ்விரு கோரிக்கைகளும் நிறைவேறியது 1990-இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

கோசாம்பியில் பிக்குகள் ஒரு சிறு விநயப் பிழையைக் குறித்துப் பிணங்கி, ததாகதரின் அறிவுரைக்கும் செவிசாய்க்காதபோது, அவர் அவர்களை விட்டு வனம் சென்றார். பூசலிட்ட இரு சாராரும் கற்றறிந்தவர்களே. வாஷியிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் சங்கம் கூட்டும் நாம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கருத்து வேறுபடலாம், அதை மன்றத்தில் பேசித் தீர்த்து, மறுநாளும் ஒரே பந்தியில் அமர்வோமாக. தாதாசாஹேபின் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.