உயிர் காத்த முரட்டுப் பாவாடை

மேரி கிங்ஸ்லி அம்மையார் 1862-ல் லண்டனில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. தகப்பனாரின் புத்தகங்களே அவருக்கு ஆசான். நோயாளித் தாயாருக்குப் பணிவிடை செய்தே இளமை கழிந்தது. 1892-ல் பெற்றோர் இருவரும் காலமானார்கள்.

அதன்பின் மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் புறப்பட்டார். விஷக் காய்ச்சலுக்குப் பேர்போன பூமி அது. 'வெள்ளையரின் சுடுகாடு' என்றே அதற்குப் பெயர்!

1893-ல் முதல் பயணம். அதில் கற்ற பாடங்களோடு 1895-ல் இன்றைய கபோன் நாட்டில் உள்ள ஓகோவே ஆற்றுக்குப் போனார். படகு ஓட்டத் தாமே பழகிக்கொண்டார். கிராமங்களில் பண்டமாற்று செய்யத் துணி, புகையிலை, தூண்டில் முள் எடுத்துச் சென்றார். காட்டை அறிந்த பாங் இன மக்களையே வழித்துணையாக வைத்துக்கொண்டார். சதுப்பு நிலத்தில் அட்டைகள் கடித்தபோது உப்பு கைகொடுத்தது.

கால்சட்டை அணியும்படி இங்கிலாந்தில் பலர் சொல்லியிருந்தார்கள். அவரோ கனத்த பாவாடையையே உடுத்தினார். ஒரு நாள் குறுக்குவழியில் தனியே நடந்தவர், மிருகங்களுக்கு வெட்டிய குழியில் விழுந்தார். சுமார் 15 அடி ஆழம். அடியில் ஓரடி நீளக் கூர் முளைகள்! பாவாடையின் மடிப்புகள் உடலைக் காத்தன. துணைவர்கள் காட்டுக்கொடியால் தூக்கிவிட்டார்கள்.

1900-ல் தென்னாப்பிரிக்காவில் போர்க் கைதிகளுக்குச் சிகிச்சை செய்தபோது குடற்காய்ச்சல் கண்டு இறந்தார். வயது 37. அவர் விரும்பியபடியே உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள்.

காட்டுக்குத் துணிவு வேண்டும். தக்க உடையும், ஊரறிந்த துணையும் அதைவிட வேண்டும்.