தங்கம் கேட்ட வாத்தியார்

திருவாரூர் ஆழித்தேர் வீதி மூலையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேரைத் திருப்புகிறவர், சக்கரத்தின் அடியில் சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறவர்தான். கூட்டத்தில் அவரை யாரும் கவனிப்பதில்லை.

கால்பந்தாட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவர்தான் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர். இந்தியாவில் அந்த வேலையில் பெரும்புகழ் பெற்றவர் ஐதராபாத் சையது அப்துல் ரஹீம்.

ரஹீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி பிறந்தார். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்தார். அங்கே கால்பந்தும் ஆடினார். பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். கடைசி வரையில் அவர் மனத்தளவில் வாத்தியாராகவே இருந்தார். ஆட்டக்காரர்களும் அவரை ரஹீம் சாகிப் என்று மரியாதையாக அழைத்தார்கள்.

1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்கு அவர் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டு முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து முறை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைப் போலீஸ் குழு தட்டிச் சென்றது!

அவர் பாடம் சொல்லும் விதமே தனி. வலக்கால் பழக்கம் உள்ளவர்கள் இடக்காலால் மட்டும் பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது, வந்தவுடன் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி.

ஏழைப் பையன்களைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். செகந்திராபாத் அருகே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் ஆடுவதை ஒரு நாள் பார்த்தார். தேர்வுக்கு வரச் சொன்னார். ஐதராபாத் வந்து போகப் பலராமிடம் காசு இல்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீம் பணம் கொடுத்தார். பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார் பலராம்.

ஏற்றமும் இறக்கமும்

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீம் பயிற்சி அளித்த இந்தியா, ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரிய அடி. யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது; இந்தியா போட்டது ஒன்றே ஒன்று. நம்மவர்கள் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகே பூட்ஸ் அணிவது கட்டாயம் ஆயிற்று.

நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பிடித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தது. ரோம் சென்ற குழுவில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை. மகன் என்பதற்காக இடம் கொடுக்கிறவர் அல்ல ரஹீம்.

ஜகார்த்தா

1962-ல் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. ரஹீமை அப்போதே நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. அந்த உடம்போடுதான் குழுவை அழைத்துச் சென்றார்.

முதல் ஆட்டமே தோல்வி. தென்கொரியா 2-0 என்று வென்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் இந்தியா தோற்கடித்தது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். கோல் காவலர் தங்கராஜோ காய்ச்சலில் படுத்துவிட்டார்.

இந்த நேரத்தில் ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசிய சர்க்கார் வரவிடவில்லை. அது முறையல்ல என்று இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் பிரமுகர் ஜி.டி.சோந்தி கண்டித்தார். ஜனங்கள் ஆத்திரம் அடைந்து இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள். பாவம், ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? யார் கண்ணிலும் படாமல் பஸ்ஸில் குனிந்தபடி மைதானத்துக்குப் போனார்கள்.

அரை இறுதியில் எதிரி தென்வியட்நாம். ரஹீம் தமது முட்டுக்கட்டையைப் போட்டது இங்கேதான். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலைப் பின்வரிசையில் நிறுத்தாமல், கோல் போடும் முன்வரிசைக்கு அனுப்பினார். கல்லூரி நாட்களில் அவர் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. ஜர்னைல் ஒரு கோல் போட்டார். குழுத் தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு. இந்தியா 3-2 என்று தப்பிப் பிழைத்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் பையன்களை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அதிகம் பேசவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று மட்டும் கேட்டார். நாளை அந்தத் தங்கத்தைத் தரவேண்டும் என்றார்.

செப்டம்பர் 4-ந் தேதி மறுபடியும் அதே தென்கொரியா. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். நம் தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல்! இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பது ஆச்சரியம்தான்.

காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜையே ரஹீம் கோலில் நிறுத்தினார். தங்கராஜ் நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த நெட்டை ஆள். உயரப் பந்துகளைப் பிடிக்க அவரே தகுந்தவர் என்பது வாத்தியாரின் கணக்கு. 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்றே நிமிடத்தில் ஜர்னைல் இரண்டாவதைப் போட்டார். தலையில் தையல் இருக்கும்போதே! கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

ஊர் திரும்பிய ரஹீம் நோயில் படுத்தார். 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி காலமானார். வயது 53. ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.