சோப்பை ஆராய்ந்த மேதை!

காஞ்சிபுரம் பட்டின் பெருமையை, பக்கத்தில் உள்ள முசரவாக்கம் மக்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

கச்சாப் பட்டு நூலில் ஒருவகைப் பசை ஒட்டி இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் காய்ச்சினால் பசை நீங்கும். நூல் மினுமினுக்கும். பச்சைத் தண்ணீரில் இது நடக்காது.

சூட்டுக்கும் சோப்புக்கும் என்ன உறவு?

சோப்பின் மிகச் சிறிய கூறுக்கு "மூலக்கூறு" என்று பெயர். அதற்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு! தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குப் பிடிக்காது. ஆகவே, தண்ணீரில் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும். யாரும் சேர்க்காமலே அவை கூடி உருண்டைகள் ஆகும். இந்த இனப் பொருள்கள் சில, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளாகவும் மாறும்.

குளிரில் வால்கள் விறைத்து நிற்கும். சூடு ஏறினால் இளகும். அப்போது பையின் வடிவமே மாறுவது உண்டு.

சோப்பு இனப் பொருள்களை ஆராய்ந்து புகழ் பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவர்தான் சாந்தி சுவரூப் பட்நாகர்.

தந்தையை இழந்த குழந்தை

1894-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, பஞ்சாபில் பேரா என்ற ஊரில் அவர் பிறந்தார். (அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.) 8 மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். என்ஜினீயரான தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார்.

லாகூரில் படித்தார். பிறகு உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். சோப்பு இனப் பொருள்கள் எண்ணெயில் எப்படிக் கரைகின்றன என்று ஆராய்ந்தார். 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பி, காசியிலும் லாகூரிலும் பேராசிரியராக வேலை பார்த்தார்.

ரூ.1½ லட்சம்

அப்போது ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய சிக்கல். கிணறு தோண்டப் பயன்படும் சேற்றுக் குழம்பு, பூமிக்குள் உப்புத் தண்ணீர் பட்டதும் கட்டியாக இறுகியது. வேலை நின்றது.

பட்நாகர் யோசித்தார். குழம்பில் ஒருவகைப் பிசினைக் கலக்கச் சொன்னார். சேறு இறுகவில்லை!

மகிழ்ந்த கம்பெனி, ரூ.1,50,000 தர முன்வந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். பட்நாகர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் செய்தார். இளைஞர்கள் பலர் அதனால் ஆராய்ச்சி செய்தனர்.

காரைக்குடியில்...

1942-ல் தொடங்கிய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அவரே முதல் தலைமை அதிகாரி. நாடெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களை எழுப்பினார். வள்ளல் அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் வழங்க, 1953-ல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் திறக்கப்பட்டது.

1955-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பட்நாகர் மறைந்தார். பின்னர் அவர் பெயரால் விஞ்ஞானிகளுக்குப் பரிசு ஏற்பட்டது.

தகப்பன் முகம் அறியாத அந்தப் பிள்ளை, எத்தனையோ இளம் விஞ்ஞானிகளுக்குத் தகப்பனாக விளங்கினார்.