நியூ ஜேர்சிக்குப் பெயர் தந்த அகதி

நெவார்க் விமான நிலையத்துக்குப் போய்வரும் எம்மவர் எல்லோருக்கும் எலிசபெத் நகரம் தெரியும். சற்றுத் தெற்கே கார்ட்டரெட் என்றொரு சிறு நகரமும் உண்டு. அந்த எலிசபெத் இங்கிலாந்து மகாராணி என்றுதான் நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். அவர் சேர் ஜோர்ஜ் கார்ட்டரெட்டின் மனைவி. இந்த மாநிலத்தின் பெயரோ அந்த ஜோர்ஜ் பிறந்த தீவின் பெயர்.

பிரான்சின் கரையோரமாக, ஆனால் ஆங்கிலேய முடிக்கு உட்பட்டுக் கிடப்பது ஜேர்சித் தீவு. கார்ட்டரெட் குடும்பத்துக்குப் பெயர் தந்த ஊர் எதிர்க்கரையில், நோர்மண்டியில் இருக்கிறது. 1204 இல் ஜோன் மன்னன் நோர்மண்டியை இழந்தபோது அந்தக் குடும்பம் மன்னன் பக்கம் நின்றது. அக்கரைக் காணிகள் போயின, தீவில் செயின்ட் ஊவென் வளவு மிஞ்சியது. மழை மூட்டமில்லாத நாளில் ஜேர்சியின் கிழக்குக் கரையில் நின்றால் அக்கரை தெரியும். பார்க்க முடிந்தும் போகமுடியாத ஊரை எமக்கு விளக்கத் தேவையில்லை.

ஜோர்ஜ் ஏறத்தாழ 1610 இல் அந்தக் குடும்பத்தின் இளைய கிளையில் பிறந்தார். வளவு அவருடையதல்ல, பெரியவீட்டாருடையது. இளவயதிலேயே கடற்படைக்குப் போய் உயர்ந்தார். 1640 இல் வளவுக்காரரான சேர் பிலிப்பின் மகள் எலிசபெத்தை மணந்தார். சொந்தத்துக்குள் கலியாணம், எங்கள் ஊர்க் கணக்கில் புதுமை ஒன்றுமில்லை.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டதும் தீவை மன்னருக்காகப் பிடித்து வைத்திருந்தார். எதிர்த்தவர்களின் சொத்தைப் பறித்தும், பாராளுமன்றத் தரப்புக் கப்பல்களைக் கொள்ளையிட்டும் அதற்குப் பணம் தேடினார். தீவு மக்களிடம் அவருக்கு நல்ல பெயர் மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1649 இல் மன்னரின் தலை வெட்டப்பட்டதும், அவர் மகன் இரண்டாம் சார்ள்ஸை மன்னராக ஜேர்சியில் அறிவித்தார். ஒதுங்க இடமற்றுத் திரிந்த அந்த இளைஞர் அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து சில மாதங்கள் கார்ட்டரெட்டின் பாதுகாப்பில் தங்கினார். அடைக்கலம் கொடுத்தவருக்கும் விரைவில் அடைக்கலம் தேவைப்பட்டது. 1651 ஒக்டோபரில் பாராளுமன்றப் படை தீவில் இறங்கியது. எலிசபெத் கோட்டை டிசெம்பர் வரை தாங்கியது. பீரங்கிக் குண்டொன்று வெடிமருந்து வைத்திருந்த பழைய தேவாலயத்தைத் தகர்த்த பிறகு கோட்டையைக் கையளித்துவிட்டுப் பிரான்சுக்குப் போனார். அங்கும் நிம்மதியில்லை, 1657 இல் குரொம்வெல் தரப்பின் அழுத்தத்தால் பஸ்தில் சிறையில் அடைக்கப்பட்டார்.

1660 இல் சார்ள்ஸ் அரியணை ஏறியதும் காலம் திரும்பியது. கார்ட்டரெட் கடற்படையின் பொருளாளரானார். 1664 இல் டச்சுக்காரரிடமிருந்து பறித்த நிலத்தில் ஒரு பகுதி அவருக்கும் பேர்க்லி பிரபுவுக்கும் கிடைத்தது. அதற்குத்தான் நியூ ஜேர்சி என்று பெயர். மறுவருடம் தூரத்து உறவினரான பிலிப் கார்ட்டரெட் ஆளுநராக வந்திறங்கினார். எலிசபெத் நகரம் பெயர் பெற்றது. ஜோர்ஜ் மட்டும் இந்த மண்ணை மிதிக்கவேயில்லை.

அந்த நிலம் லெனாப்பே மக்களுடையது. மன்னர் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அவர்களுடைய சம்மதம் இல்லை. குடியேறுவோருக்கு மதச் சுதந்திரம் தந்த 1665 ஆம் ஆண்டுச் சாசனம், அடிமைகளைக் கொண்டுவருவோருக்கு மேலதிகக் காணியும் தந்தது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய அரச கம்பனியிலும் கார்ட்டரெட்டுக்குப் பங்கிருந்தது. ஊர் இழப்பதன் வலி அறிந்த ஒருவர் பிறரின் ஊரை இப்படிக் கையாண்டார் என்பதை வாசிக்கும்போது எமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவருடைய ஊர்ப்பெயரைத் தினமும் எமது முகவரியில் எழுதுகிறோம் அல்லவா!

இந்தச் சொத்தால் அவர் பெரிதாக இலாபம் கண்டதுமில்லை. காணி வரி கேட்டபோது 1672 இல் குடியேறிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1676 இல் மாநிலம் கிழக்கு, மேற்கு எனப் பிரிய, கிழக்கு அவர் பங்கானது. 1680 ஜனவரியில் இறந்தார். அந்தக் கிழக்குப் பங்கு 1682 இல் ஏலத்துக்கு வந்து, வில்லியம் பென்னும் கூட்டாளிகளும் 3,400 பவுணுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

செயின்ட் ஊவென் வளவு மட்டும் விற்கப்படவில்லை. இன்றும் அது அந்தக் குடும்ப வழியினரிடமே இருக்கிறது.