நோயாளரைத் தேடிச் சென்ற புனிதர்

2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டிருந்த பெருந்திரளான இறைமக்கள் முன்னிலையில், திருத்தந்தை பிரான்சிஸ் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் அப்போஸ்தலர் என நாம் போற்றும் இப்புனிதர், மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரின் விசுவாசத்தைக் காத்தவர் என்பதை நமது பிள்ளைகளும் அறிவர். கைவிடப்பட்ட நோயாளரின் பணியாளராகவும் அவர் வாழ்ந்தார் என்பதையோ நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்கள் இங்கு பணிபுரிவதைத் தடை செய்திருந்தனர். ஆயனில்லா மந்தைபோல் தவித்த மக்களின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், 1687ஆம் ஆண்டு ஓர் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடும் பயணத்தின் விளைவாக வயிற்றுளைவு நோய் அவரை வாட்டியது. அறிமுகமற்ற மண்ணில், கையில் பொருளின்றி, பிச்சையேற்று உண்ணும் நிலையில் நோயுற்றுக் கிடப்பது எத்தகைய துன்பம் என்பதை அவர் தமது உடலிலேயே உணர்ந்தார்.

பின்னர் புத்தளத்தில் பணியாற்றி, 1692ஆம் ஆண்டு கண்டியை அடைந்தார். அங்கே அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். எனினும் அவருடைய எளிமையையும் தூய வாழ்வையும் கண்ட மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், காலப்போக்கில் அவருக்குச் சுதந்திரம் அளித்தான்.

1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் பெரியம்மை பரவியது. அந்நோய்க்கு அன்று தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோய்கண்டவர்களை உற்றாரே கைவிட்டுச் சென்றனர். நகரமே அஞ்சி ஓடிய அவ்வேளையில் அடிகளார் ஓடவில்லை. தமது மருமகனாகிய யோசப் கர்வாலியோ அடிகளாருடன் இணைந்து, ஆளில்லாமற் கிடந்த வீடுகளை மருத்துவ இல்லங்களாக்கினார். அனாதரவாகக் கிடந்தோரை அவற்றில் சேர்த்தார். அவர்களுக்கு உணவூட்டினார்; புண்களைக் கழுவினார்; இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். அவரோ சமயம் எது என்று பார்க்கவில்லை. நோயுற்ற மனிதரையே பார்த்தார். மன்னனும் அப்பணியை நன்றியோடு போற்றினான். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே அடிகளார் இறையடி சேர்ந்தார்.

நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அந்தச் சமாரியர் இரண்டு காரியங்களைச் செய்தார். காயமுற்றவரை நெருங்கித் தம் கைகளால் காயங்களைக் கட்டினார். பின்பு சாவடிக்காரரிடம் பணம் கொடுத்து, அவரைக் கவனித்துக்கொள்ளும்படி வேண்டினார். கையும் பொருளும் அங்கே ஒன்றுசேர்ந்தன. யோசப் வாஸ் அடிகளாரிடம் பொருள் இருக்கவில்லை. ஆயினும் கைகள் இருந்தன, தோள்கொடுக்க ஒரு தோழரும் இருந்தார். அதைக்கொண்டே அவர் பணியைத் தொடங்கினார். நம்மிடமோ பல வேளைகளில் பொருள் இருக்கிறது. நெருங்கிச் செல்லும் கைகளே குறைகின்றன.

இன்று லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைக் கழகங்கள் ஒன்றுகூடி, இலவச மருத்துவ முகாம்களுக்கும் வறிய நோயாளரின் சிகிச்சைக்கும் உதவி வருகின்றன. நமது பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் ஓசையின்றி அதே பணியை ஆற்றுகின்றனர். இவர்களுக்கு நாம் வழங்கும் நன்கொடை நல்லதே. ஆனால் அதனோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருகின்ற எத்தனையோ பேர், மொழி புரியாமலும் தங்குமிடம் அறியாமலும் தவிக்கின்றனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் ஒரு குடும்பம் அவர்களுள் ஒருவருக்கு ஒருவேளை உணவு சமைத்துக் கொண்டு செல்லலாம். வைத்தியரின் சொல்லைத் தமிழில் விளக்கலாம். இரத்தம் தேவைப்படுகையில் இளையோர் முன்வரலாம். தனியாக இயலாததைப் பத்துக் குடும்பங்கள் கூடி முறைவைத்துச் செய்யலாம்.

மகரகம அத்துணை தொலைவில் இல்லை. கோவாவிலிருந்து கண்டிவரை வந்த புனிதரின் பெயரைச் சொல்லி மன்றாடும் நாம், இந்த வாரம் ஒரு நோயாளரின் படுக்கையருகே செல்வோமாக. புனித யோசப் வாஸே, எங்கள் அச்சத்தை நீக்கி, நோயுற்றோரை நெருங்கும் உள்ளத்தை எங்களுக்குப் பெற்றுத்தாரும்.