மெய்யும் பொய்யும் கணக்கான கதை: அறிஞர் ஜார்ஜ் பூல்

கல்லூரியில் மாணவராக ஒரு நாளும் அமராமலே கல்லூரிப் பேராசிரியராக உயர்ந்தவர் ஜார்ஜ் பூல். கணிப்பொறி வகுப்பில் நாம் எழுதும் ஒவ்வொரு நிபந்தனை வாக்கியத்திலும் அன்னாரின் சிந்தனை குடிகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பூல் பிறந்தார். தந்தை ஜான் காலணி செய்யும் தொழிலாளி. கணிதத்தில் பெரும் பற்றுடையவர். அவரது தொழில் நொடித்துப்போகவே, 16 வயதிலேயே ஆசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார் பூல். 19ஆம் வயதில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். உயர்கணிதத்தைத் தாமே பயின்று, 1844இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் பெற்றார். 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரி அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

1854இல், சிந்தனையின் விதிகளை ஆராயும் பெருநூலை அவர் வெளியிட்டார். ஒரு மந்தையில் வெள்ளாடுகளை மட்டும் பிரித்தெடுப்போம். அவற்றுள் மறுபடியும் வெள்ளாடுகளைப் பிரித்தால் அதே ஆடுகள்தாம் கிடைக்கும். இதை எழுத்துக் கணக்காக எழுதினால், ஒன்றை அதனாலேயே பெருக்கினாலும் அதுவே விடையாகும். எண்களில் 0, 1 இரண்டுக்கு மட்டுமே இது பொருந்தும். 1 என்றால் எல்லாம். 0 என்றால் ஒன்றுமில்லை. ஆனால், எதற்குள் எல்லாம்? பேசப்படும் உலகின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றார் பூல். மாணவியர் என்ற சொல் நம் வகுப்பில் ஒரு கூட்டத்தைக் குறிக்கும். நம் மாநிலத்தில் வேறொரு கூட்டத்தைக் குறிக்கும் அல்லவா?

1937இல் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன், இந்தக் கணக்கை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். சுவிட்சின் இரு நிலைகளும் மெய், பொய் ஆயின. பின்னர் அல்கால் 60 என்னும் கணிப்பொறி மொழி, மெய், பொய் மட்டுமே ஏற்கும் மாறிகளுக்குப் பூலின் பெயரையே சூட்டியது.

மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி, இல்லையேல் மறுதேர்வு. இதனைச் சி மொழியில் எழுதும்போது நிபந்தனையைப் பிறைக் குறிக்குள்ளும் கட்டளைகளை நெளி அடைப்புக்குள்ளும் எழுதுகிறோம். அந்த நெளி அடைப்புக்குள் அறிவித்த மாறிக்கு வெளியே வாழ்வில்லை. பைத்தானில் அடைப்புக்குப் பதில், வரியை உள்தள்ளி எழுதுகிறோம். நிபந்தனைக்குள் பிறந்த மாறி அதற்கு வெளியேயும் வாழ்கிறது. மொழிக்கு மொழி எழுதும் முறை மாறினாலும், மெய்யா பொய்யா என்ற கேள்வி மாறவில்லை. ஒரு பெயர் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அறியாமல் அதைக் கையாளவும் இயலாது.

1855இல் மேரி எவரெஸ்ட் அம்மையாரைப் பூல் மணந்தார். இமயச் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள் இவர். 1864ஆம் ஆண்டின் இறுதியில் மழையில் நனைந்தபடியே கல்லூரிக்கு நடந்து சென்று, ஈர உடையுடன் பாடம் நடத்தினார் பூல். அதனால் வந்த நோயால் டிசம்பர் 8ஆம் நாள், 49ஆம் வயதில் உயிர் நீத்தார். ஐந்து பெண்மக்களுடன் தனித்து நின்ற மேரி அம்மையார், நூலகப் பணி செய்து அவர்களை வளர்த்தார். குழந்தைகளுக்குக் கணிதம் கற்பிப்பது பற்றி நூல்களும் எழுதினார். மூன்றாம் மகள் அலிசியா தந்தையைப் போலவே கல்லூரி காணாமல் வடிவியலில் அரிய உண்மைகளைக் கண்டார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

ஆசிரியரும் நூல்களும் கணிப்பொறியும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற நாம், இவை ஒருங்கே வாய்க்காமலே உயர்ந்த இவர்களை எண்ணிப் பார்ப்போம். வறுமையோ பெண்பிறப்போ அறிவுக்கு எல்லை வகுக்க முடியாது என்பதை உணர்ந்து ஊக்கமுடன் பயில்வோமாக!